காது வரைக்கும் வெள்ளை

அத்தியாயம் 17

போன தீபாவளியோடு தலைக்குப் பூசுவதை விட்டுவிட்டாள் விஜயகலா. இப்போது ஆவணி நடக்கிறது. வகிட்டிலிருந்து இரண்டு பக்கமும் வெள்ளை முடி இறங்கிக் காது வரைக்கும் வந்துவிட்டது. அதற்குக் கீழே பழைய சாயம் வெளுத்துச் செம்பட்டையாகக் கிடந்தது. கொண்டை போட்டால் தலை ஒரு நிறம், கொண்டை ஒரு நிறம்.

காதோரம் தடித்துத் தினவெடுத்தது ஒரு காரணம். அறுபது முடிந்து தோட்டத்து வேலையில் பேர் வெட்டியது இன்னொரு காரணம். விடிகாலையில் ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போவதில்லை, பேர் கூப்பிடுகிற பெரட்டில் நிற்பதில்லை. இனி யார் நம் தலையைப் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

பார்க்க ஆள் இருக்கத்தான் செய்தது. போன ஞாயிற்றுக்கிழமை புருசனோடு தெஹியோவிட்டவில் பஸ் ஏறியபோது நடந்ததை அவளால் இன்னும் மறக்க முடியவில்லை. நல்ல கூட்டம். கண்டக்டர் ஐம்பதைத் தாண்டிய மனுசன். ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டு, "இந்தகன்ன அம்மே" என்று அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். அப்படியே சுதாகரன் பக்கம் திரும்பி, "மல்லி, இஸ்ஸரஹட்ட யன்ன" என்றான். ஒரே மூச்சில் அவள் அவனுக்கு அம்மாவானாள், அவள் புருசன் அவனுக்குத் தம்பியானார்.

சுதாகரன் பேசாமல் முன்னால் போய் நின்றுகொண்டார். அவிசாவளை வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வாரமாக வீட்டில் பேச்சுக் குறைந்து போயிருந்தது. அவருக்கு ஐம்பத்தைந்து வயது. மீசையில்கூட இன்னும் நரை விழவில்லை. அவளைவிட ஐந்து வயது இளையவர்.

இன்றைக்கு மகன் பிரதீபன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறான். அவிசாவளையில் போன் கடையில் வேலை செய்கிறவன். போனில் சொல்லும்போதே அவன் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. பெண் பக்கத்து பார்மசியில் வேலை, பேர் கிருஷ்ணகுமாரி, எஹலியகொட பக்கத்துத் தோட்டம், நம்ம ஆளுகதான் என்றான். வேறென்ன என்று கேட்டதற்கு, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டான்.

காலையிலேயே நல்ல வெயில். மலையில் ரப்பர் காய்கள் வெடித்துத் தகரக் கூரைமேல் விதை விழுந்துகொண்டிருந்தது. விஜயகலா முன்வாசல் இஸ்தோப்பைக் கூட்டிக் கழுவி, நல்ல கோப்பைகளை எடுத்துத் துடைத்து வைத்தாள். டவுனுக்குப் போயிருந்த சுதாகரன் கோழியும் பப்படமும் வாங்கிக்கொண்டு வந்தார். குசினி மேசையில் பையை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கடையில ரஹ்மா குடுத்துச்சு. மூலிகையில செஞ்சதாம். தினவெடுக்காதாம்."

அவ்வளவுதான். கத்தியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

விஜயகலா அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்காமலேயே தெரிந்தது. ஆள் வருகிற நாளில் புருசன் தலைச்சாயம் வாங்கி வருகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? பஸ்ஸில் திரும்பாத அந்த முதுகு அவளுக்கு நினைவுக்கு வந்தது. கேட்டுவிடலாம் என்று வாசல் வரைக்கும் போனாள். அவர் குனிந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். திரும்பி வந்து கோழியைக் கழுவத் தொடங்கினாள்.

கை வேலை பார்த்தாலும் மனம் எங்கெங்கோ போனது.

அப்போது அவளுக்கு இருபத்தாறு. அப்பா செத்த பிறகு இரண்டு தங்கச்சிமாரையும் கட்டிக்கொடுத்துவிட்டு, தனக்கென்று யாரும் பேசி வராமல் நின்ற காலம். புளத்கொகுபிட்டிய பக்கமிருந்து தாயோடு புதிதாக வந்து பேர் பதிந்தவன் சுதாகரன். பால் நிறுக்கிற வரிசையில் எப்படியும் அவளுக்குப் பின்னால்தான் வந்து நிற்பான். எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி அவளும் ஒரு நாள், "தம்பி, வாளியைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றாள்.

"மத்தவங்க தம்பின்னு கூப்பிடட்டும்," என்றான் அவன் மெதுவாக. "நீங்க வேணாம்."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். நிறுக்கிற கணக்கப்பிள்ளை அவள் பேரை இரண்டு தடவை கூப்பிட வேண்டியதாயிற்று. அதுவரைக்கும் அவன் அவளை அக்கா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

லயத்து வீடுகள் முழுக்கப் பேசிச் சிரித்தன. அவன் தாய் மருதாயி சிரிக்கவில்லை. கோயிலில் தாலி கட்டும்போது வந்து வெளியிலேயே நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகு, மருமகளுக்குக் கேட்கும்படியாகத்தான் மகனிடம் சொன்னாள். அவளுக்கு வயசேறும்போது நீ இளந்தாரியா நிப்பே, அன்னிக்கு என்னை நெனச்சுக்குவே என்றாள்.

ஏழு வருசம் பிள்ளை இல்லை. அதுவும் வயசின் கணக்கில்தான் சேர்ந்தது. பிறகு பிரதீபன் பிறந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போன அன்றைக்கு அவள் நெற்றியோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. புதிதாக வந்த மிட்வைஃப் மிஸ்ஸி, தராசில் பிள்ளையைப் போட்டபடி, தம்பி பிள்ளையா, தாய் வரலையா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். பக்கத்தில் சுதாகரன் பிள்ளையின் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள்தான் அவனை டவுனுக்கு அனுப்பினாள். கபூர் நானா கடையில் அப்போது கறுப்புத் தூள் சின்னப் பைக்கட்டுகளாக வரும். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவைப் போட்டுவிட்டு, பலகையில் உட்காருவாள். முன்பக்கம் அவளே பூசிக்கொள்வாள். பின்பக்கம் எட்டாது. அது சுதாகரனின் வேலை. பழைய பல்லுத்தூரிகையால் முடியைப் பிரித்துப் பிரித்துப் பூசுவான். கழுத்தில் பட்டதை வேட்டி நுனியால் துடைப்பான். காயும்வரை அப்படியே உட்கார்ந்து, அந்த மாதத்துக் கதையெல்லாம் பேசுவார்கள். துரை மாறியது, மலை மாற்றியது, மருதாயி இருமியது, மகன் வாசிக்கிற பாடம்.

மருதாயி செத்து, ரேடியோ போய் டீவி வந்து, கபூர் நானா கடையை அவர் மகனின் வீட்டுக்காரி ரஹ்மா நடத்தத் தொடங்கி, அத்தனையும் மாறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை, போன தீபாவளி வரைக்கும்.

கோழி கொதித்துக்கொண்டிருக்கும்போது கீழே த்ரீவீல் சத்தம் கேட்டது.

விஜயகலா அவசரமாகச் சேலைத் தலைப்பை எடுத்துத் தலைக்குப் போடப் பார்த்தாள். பிறகு, இது என்ன வேலை என்று தனக்கே வெட்கமாகி, விட்டுவிட்டாள். அப்படியே வாசலுக்குப் போனாள்.

பெண் பார்க்க லட்சணமாக இருந்தாள். நெடுநெடுவென்ற உடம்பு, நிதானமான பார்வை. கையில் ஒரு பெட்டிக் கேக். வாசலில் நின்று விஜயகலாவின் முகத்தைப் பார்த்தவள், தலையையும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

சாப்பாடு நன்றாகத்தான் நடந்தது. சுதாகரன் அவள் தோட்டத்தைப் பற்றி விசாரித்தார். அங்கே ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்கு முள்ளுத்தேங்காய் வைக்கிறார்கள் என்று சொன்னாள். அப்பா இல்லை, அம்மா தங்கம்மா இன்னும் வேலைக்குப் போகிறார், தம்பி கொழும்பில் இருக்கிறான் என்றாள். பிரதீபன்தான் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

சாப்பிட்டு முடித்து இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். விஜயகலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கிருஷ்ணகுமாரி கோப்பையைத் தொடவில்லை.

"அம்மா, ஒன்னு சொல்லணும். நான் இவரைவிட நாலு வயசு மூத்தவ."

பிரதீபன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப சொல்ல வேணாம், பொறகு பாத்துக்குவோம்னு சொன்னாரு. கேட்டா இருபத்தேழுன்னு சொல்லச் சொன்னாரு. பொய் சொல்லிட்டு இந்த வீட்டுக்குள்ள வர எனக்கு ஏலாது."

 கூரையில் ஒரு விதை விழுந்து உருண்டது.

விஜயகலாவின் வாயில் ஒரு பேச்சு தயாராக வந்து நின்றது. உனக்கு வயசேறும்போது இவன் இளந்தாரியா நிப்பான் என்ற பேச்சு. அது மருதாயியின் பேச்சு என்று தெரிந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருசம் அவள் வெறுத்த வார்த்தை அவள் நாக்கிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அதிலும், அது முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அதைத்தானே கண்ணால் பார்த்தாள்?

அவள் மகனிடம் திரும்பினாள். என்னிடம் ஏன் மறைக்கச் சொன்னாய் என்று கேட்டாள். வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரியாதா என்றாள்.

பிரதீபன் தலையை நிமிர்த்தினான். பேசத் தொடங்கியபோது நிறுத்த முடியாதவன் மாதிரிப் பேசினான்.

"ஸ்கூல்ல அம்மா வயசு கேட்டப்ப உங்ககிட்ட வந்து கேட்டேன். அப்பா வயசையே சொல்லுன்னீங்க. மாசாமாசம் கதவைச் சாத்திக்கிட்டுப் பூசுவீங்க. நான் வெளிய விளையாடிக்கிட்டு இருப்பேன். அம்மா மூத்தவங்களா இருக்கிறது ஏதோ பெரிய தப்புன்னு நெனச்சுத்தான் நான் வளர்ந்தேன். அந்தத் தப்பையே நானும் செய்யப் போறேன்னு உங்ககிட்ட எப்படி வந்து சொல்றது?"

 ஊருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று சாத்திய கதவுக்கு வெளியே ஒரு பிள்ளை நின்று இப்படியொரு பாடம் படித்திருக்கிறது. அவள் அதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த வேதனை கோபமாகப் புருசன் பக்கம் திரும்பியது.

"அவனைச் சொல்லி என்ன? இன்னிக்குக் காலையில நீங்க வாங்கியாந்து வச்சதும் அதுக்குத்தானே. பஸ்ஸுல அந்த மனுசன் சொன்னதுலருந்து நீங்க எம்முகத்தப் பாக்கல."

சுதாகரன் கோப்பையைக் கீழே வைத்தார். பெண் பிள்ளை முன்னால் பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது. மீசையைத் தடவினார். பேசாமல் எழுந்து போய்விடுவார் என்றுதான் விஜயகலா நினைத்தாள்.

"வயச மறைக்க வாங்கல, கலா," என்றார். "மாசத்துல ஒரு நாள் நீ எம்முன்னால வந்து உக்காருவே. ஒந்தல எங்கையில இருக்கும். ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருப்போம். பத்து மாசமாச்சு. இப்ப ஞாயித்துக்கெழமை நீ டீவி பாக்குறே, நான் ரோட்டுக்குப் போயிடுறேன். அத எப்படிக் கேட்டு வாங்குறதுன்னு தெரியல. அதான் ரஹ்மாகிட்டச் சொல்லி வாங்கினேன்."

அவர் குரல் கடைசியில் மிகவும் இறங்கிவிட்டது. பஸ்ஸில் முன்னால் போய் நின்றது ஏன் என்றும் சொன்னார். கண்டக்டர் சொன்னதைக் கேட்டு அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் நின்றாராம்.

விஜயகலா எழுந்தாள். கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள்.  எடுத்துக்கொண்டு பின்பக்கம் பைப்படிக்குப் போனாள்.

கிருஷ்ணகுமாரி பின்னாலேயே வந்தாள். கேட்காமலேயே உட்கார்ந்து கோப்பைகளை வாங்கிக் கழுவினாள்.

"இவரு போன்ல உங்க படம் காட்டினாரு," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "அதுல முடியெல்லாம் கறுப்பு. அதைப் பாத்துட்டு, சரி, இந்தம்மாவுக்கு வயசைப் பத்தி எதுவும் சொல்லக்கூடாதுபோலன்னுதான் நானும் நெனச்சேன். பஸ்ஸுல வரும்போதும் இருபத்தேழு, இருபத்தேழுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன். இங்க வாசல்ல உங்களப் பாத்ததும்தான் சொல்லிடலாம்னு இருந்துச்சு."

விஜயகலா பைப்பை மூடினாள்.

"லேசுன்னு நெனக்காத," என்றாள். "ஆளுக பேசுவாங்க. முப்பத்தஞ்சு வயசுல பேசுறத விட அறுபதுல பேசுறது கூட வலிக்கும். எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் ஒரு வார்த்த சொன்னதில்ல. அப்படியும் நான் பூசிக்கிட்டேதான் இருந்தேன்."

"உங்களுக்கு விருப்பமில்லைன்னா சொல்லிடுங்கம்மா."

விருப்பம், விருப்பமின்மை என்று ஒரே சொல்லில் சொல்கிற நிலையில் அவள் இல்லை. இந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. பிடித்திருப்பதனால்தான் பயமாகவும் இருந்தது. உங்க அம்மாவுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டாள். இன்னும் சொல்லவில்லை, பையன் இளையவர் என்றால் ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்று சொல்லி, கழுவிய கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தாள் கிருஷ்ணகுமாரி.

வெயில் சாய்ந்ததும் அவர்களை ஏற்றிவிட ரோட்டுக்கு இறங்கினார்கள். ஒரு வாரமாக விஜயகலா லயத்தைத் தாண்டவில்லை. இன்றைக்குத் தலைப்பைப் போடாமலேயே நடந்தாள். கோயிலடியில் இரண்டு பேர் பார்த்தார்கள், மகன் கூட்டிவந்த பெண்ணை ஒரு தரம், அவள் தலையை ஒரு தரம். சுதாகரன் எப்போதும் நாலடி முன்னால் போகிறவர். இன்றைக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

பஸ் ஹோல்டில் பால் வேலைக்குப் போகிற பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். பஸ் வரக் காணோம். கிருஷ்ணகுமாரி சற்றுத் தள்ளிப் போய்த் தாய்க்குப் போன் எடுத்தாள். முதலில் சிரித்துப் பேசினாள். பிறகு சிரிப்பு நின்றது. "நாலு வயசும்மா" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.  வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் கண் கலங்கியபடி வந்து போனை நீட்டினாள்.

"அம்மா உங்களோட பேசணுமாம்."

விஜயகலா போனை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற ஒரு குரல். பையனின் அம்மாவா என்று கேட்டது. ஆமாங்க என்றாள். தங்கம்மா சத்தம் போடவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. புருசன் இல்லாமல் வளர்த்த பிள்ளை, ஊரில் தலைநிமிர்ந்து நடந்த குடும்பம், நாளைக்கு நாலு பேர் சிரித்தால் நான் என்ன செய்வேன், பெத்தவங்க நீங்களாவது பையனுக்குச் சொல்லக்கூடாதா என்று கேட்டாள்.

ஹோல்டில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்திருந்தார்கள். பிரதீபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நானும் எங்க வீட்டுக்காரரவிட அஞ்சு வயசு மூத்தவதாங்க," என்றாள் விஜயகலா.

இந்த வார்த்தையை அவள் வாயால் யாருக்கும் சொன்னதே இல்லை. ஊர் சொல்லியிருக்கிறது, மாமியார் சொல்லியிருக்கிறாள், அவள் சொன்னதில்லை.   பிரதீபன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

  பிறகு தங்கம்மாவின் குரல் வேறு மாதிரி வந்தது, மெதுவாக, வீட்டுப் பெண்ணிடம் கேட்கிற மாதிரி.

"உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?"

விஜயகலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருசத்தில் ஒருத்தரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கூடப் பிறந்த தங்கச்சிமார்கூடக் கேட்கவில்லை. எதிரில் சுதாகரன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்தால் கை காட்டவேண்டும் என்று ஒரு கையைத் தயாராக வைத்திருந்தார்.

"போன்ல சொல்ற விசயமில்லங்க," என்றாள் கடைசியில். "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. நல்லதும் சொல்றேன், மத்ததும் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே முடிவெடுங்க."

"பாப்போம்," என்றாள் தங்கம்மா. போன் நின்றது.

பஸ் வந்தது. என்ன சொன்னார்கள் என்று கிருஷ்ணகுமாரி அவசரமாகக் கேட்டாள். பாப்போம்னாங்க என்று அவள் கையில் போனைக் கொடுத்து, ஏறு ஏறு என்று தோளைத் தொட்டு அனுப்பினாள் விஜயகலா. பிரதீபன் படியில் நின்றபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு போனான்.

புழுதி அடங்கியதும் சுதாகரன் கேட்டார்.

"அந்தம்மா என்ன கேட்டாங்க? பதில் சொல்லாம நின்னியே."

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்," என்றாள்.

மலைப் பாதையில் இரண்டு பேரும் ஏறத் தொடங்கினார்கள். தங்கம்மா வருவாளா, வரமாட்டாளா என்பது தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும், கேட்ட கேள்விக்கு முதலில் பக்கத்தில் நடக்கிற மனுசனிடம்தான் பதில் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே விஜயகலா ஏறினாள்.